கேட்காமலே வரும் தேநீர்

பர்மாவில், டாலா படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. குட்டி பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, அக்காள் மகன் ஃபோனில் பழைய படம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, குணச்சித்திர நடிகைன்னா அம்மா வேஷம் போடுறவங்களா?”

மேசை மேலிருந்த பிளாஸ்கைக் காட்டினேன். “நாம கேட்டது பால் டீ. இந்த வெறும் பச்சைத் தேநீரை யாரும் கேக்கல. ஆனா இது இல்லாம இவ்வளவு நேரம் உக்காந்திருப்போமா?”

கதாநாயகி பால் டீ. அவரைப் பார்க்கத்தான் டிக்கெட் எடுக்கிறோம். ஆனால் மூன்று மணி நேரம் நம்மை உட்கார வைப்பதில் பாதி வேலை குணச்சித்திர நடிகையுடையது.

ஆச்சி மனோரமாவையே பாருங்கள். 1937இல் மன்னார்குடியில் பிறந்தவர், வளர்ந்தது பள்ளத்தூரில். நம் பர்மாத் தேக்கு வீடுகளில் தூணாக நிற்கும் செட்டிநாட்டு ஊர் அது. அந்த வீடுகளின் செல்வம் அவருக்கு இல்லை. தாயார் வீட்டு வேலை செய்து வளர்த்தார். பன்னிரண்டு வயதிலேயே நாடக மேடை.

1958இல் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யில் நகைச்சுவை வேடம். ‘கொஞ்சும் குமரி’யில் (1963) நாயகியாகவும் நடித்தார். ஆனால் நாயகியாகவே இருந்திருந்தால் நாலைந்து வருடத்தில் காணாமல் போயிருப்பேன் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். நாயகிக்கு வயது பகை. குணச்சித்திர நடிகைக்கு அதுவும் ஒரு வேடம்தான்.

முகத்தை நம்பாதவர் எதை நம்பினார்? காதையும் நாக்கையும். 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் அவர் ஜில் ஜில் ரமாமணி. ஊர் ஊராகச் சுற்றும் நாடகக்காரியின் வெகுளியான இழுவைப் பேச்சு. மேடையில் வளர்ந்தவருக்கு அந்தப் பெண்ணைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டு ‘பொம்மலாட்ட’த்தில் மெட்ராஸ் பாஷை, பாட்டும் சொந்தக் குரல். 1992இல் ‘சின்ன கவுண்ட’ரில் எடுப்புப் பல்லோடு கொங்கு நாட்டுத் தாய். பேச்சு மாறினால் நடை மாறும், நடை மாறினால் ஆளே மாறிவிடும்.

‘புதிய பாதை’க்கு (1989) துணை நடிகைக்கான தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபரில் மறையும்போது ஆயிரம் படங்களைத் தாண்டியிருந்தார்.

“சரி மாமா, படகுக்கு நேரமாச்சு” என்றவன், உதட்டைக் குவித்து முத்தமிடுவது போல் ஒலியெழுப்பிக் கடைப் பையனைக் கூப்பிட்டான். பர்மியத்தில் விறைப்பாகக் கணக்குக் கேட்டான். அதற்குள் ஃபோன் அடித்தது. “ஆயா, இதோ வந்துட்டேன் ஆயா...” குரல் குழைந்தது, தோளும் தணிந்தது.

“இப்ப ரெண்டு ஆளா மாறினியே,” என்றேன், “அதைத்தான்டா அவங்க ஆயிரம் படத்துல செஞ்சாங்க.”