மேப் சொன்ன சாட்சி!

கோர்ட்ல சாட்சி சொல்ல மனுஷங்கதான் வரணுமா என்ன? ஒரு கம்ப்யூட்டர் மேப் சாட்சி சொல்லி, சுமார் 1.1 கோடி டாலர் நஷ்டஈடுன்னு ஜூரி தீர்ப்பு சொன்ன கதை இது.

ஸ்பாட், அமெரிக்காவின் ஓஹியோ மாநிலம். ஜேன்ஸ்வில் நகரத்தை ஒட்டி ‘கோல் ரன்’னு ஒரு குடியிருப்பு. பேருக்கேத்த மாதிரி பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த பூமி. கிணத்துத் தண்ணியை வாயில் வைக்க முடியாது. மழைத் தண்ணியைப் பிடிச்சு வைக்கணும், இல்லைன்னா வண்டியில போய் ஏத்திட்டு வரணும். இப்படியே சுமார் 50 வருஷம்! ‘அமெரிக்காவிலுமா குடம் தூக்குறாங்க?’னு கேட்கிறீங்கல்ல... இத்தனைக்கும் பக்கத்துல வெள்ளைக்காரங்க வீடுகளுக்கு பைப் லைன் வந்தாச்சு. கோல் ரன்ல இருந்தவங்க பெரும்பாலும் கறுப்பர்கள்.

“நிறம் பார்த்துத்தான் தண்ணி தரலை”னு இவங்க 2003-ல் வழக்கு போட்டாங்க. “குழாய் இல்லாத வெள்ளைக்காரங்களும் இருக்காங்களே”ங்கிறது எதிர்த்தரப்பின் பதில். வாய்ப்பேச்சால் இதை உடைக்கிறது கஷ்டம் பாஸ்!

அங்கேதான் என்ட்ரி ஆச்சு ஜி.ஐ.எஸ். டிரேசிங் பேப்பர்களை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குற மாதிரிதான். ஒரு அடுக்குல வீடுகள், அடுத்ததுல பைப் லைன், மூணாவதுல எந்த வீட்டுல யார் இருக்காங்கங்கிற விவரம். வட கரோலினாவின் சிடார் குரோவ் இன்ஸ்டிட்யூட் இதைச் செஞ்சு கொடுத்தது. மூணையும் சேர்த்துப் பார்த்தா, பைப் எங்கே நிக்குதுன்னு பளிச்!

வழக்கு நடக்கும்போதே, 2004-ல் தண்ணி வந்துடுச்சு. 2008 ஜூலையில் ஜூரி, 67 பேருக்கு நஷ்டஈடு தரச் சொன்னது.

நம்ம ஊர்ல 1987-ம் வருஷச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கெல்லாம் வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு. 15100-க்கு போன் போட்டாலே போதும். ஆனா, வக்கீல் கையில ஆதாரம் வேணுமே? கியூஜிஐஎஸ் சாஃப்ட்வேர் இலவசம். லா காலேஜ் சட்ட உதவி மையமும் ஜியாகரபி டிபார்ட்மென்ட்டும் கைகோத்தா, தெருக்குழாய், ரேஷன் கடை, மயானப் பாதைன்னு எதை வேணும்னாலும் மேப்புல ஏத்தலாம்.

ஒண்ணு மட்டும் உஷார். அந்த மூணாவது அடுக்கை எந்த சாட்டிலைட்டும் தராது. வீடு வீடா நடந்து, சம்மதம் கேட்டுத்தான் வாங்கணும். வாங்கினதை நெட்ல போட்டு சீன் காட்டாம, நேரா வக்கீல்கிட்ட கொடுத்துடுங்க. யார் வீடு எங்கேங்கிற விவரம் வேற கைக்குப் போனா, அவங்களுக்கே வினையா முடியும்!