உறை ஏன் சோர்ந்துபோகிறது?

தைப்பூசம் நெருங்குகிறது. நிபோங் திபாலிலிருந்தும் ஜாவி, சுங்கை பாக்காப் பக்கமிருந்தும் வரும் கடிதங்களில் அன்னதானத் தயிர்ச் சோறுதான் பேச்சு. ஒரே உறையைத் தொடர்ந்து ஊற்றிவந்தால் தயிர் ஏன் கட்டியாகத் தோய்வதில்லை? சிலர் பால்காரரைச் சந்தேகிக்கிறார்கள், சிலர் பெட்டிப் பாலை. குற்றவாளி உறைக்குள்ளேயே இருக்கலாம்.

பால் புளிக்கும் கதை எல்லோரும் அறிந்ததுதான். புரதக் கதைக்கு வருவோம். கிருமி பெருக அமினோ அமிலம் வேண்டும். பாலில் தனியாகக் கிடப்பதை மட்டும் நம்பினால் முழு வளர்ச்சியில் கால்வாசியைத் தாண்டாது. அதனால் உறையிலுள்ள கிருமிகளில் ஒன்றான லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் தன் செல்சுவரின் வெளிப்புறத்தில் ஒரு நொதியை நட்டு வைத்திருக்கிறது. கேசின் புரதத்தை அது நறுக்கிப் போடும். துணுக்குகளைச் செல் உள்ளே இழுத்து அமினோ அமிலமாகப் பிரித்துக்கொள்ளும்.

நறுக்குவது வெளியே நடப்பதால் துணுக்குகள் அண்டைச் செல்களுக்கும் போகின்றன. நொதிக்கான மரபணுவோ பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருக்கிறது. செல் பிரியும்போது தவறிவிடக்கூடும். தவறவிட்டவை செத்துப்போவதில்லை. காய் நறுக்க வராமல் முதல் பந்தியில் உட்காருகிறவர் மாதிரி, நொதி செய்யும் செலவின்றித் தின்று வேகமாகப் பெருகுகின்றன. நறுக்குகிறவை குறையக் குறைய, பால் தோய நேரமாகும்.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011இல் காட்டியது இன்னும் சுவாரசியம். உறை அடர்த்தியானால் ஓசிச் செல்கள் ஜெயிக்கின்றன. மிகக் குறைவாக ஊற்றினால் செல்கள் விலகி நிற்பதால், நறுக்குகிற செல்லுக்கே துணுக்கு முதலில் கிடைக்கிறது. வீட்டு உறையில் பலவகைக் கிருமிகள் உண்டு, கிருமியைத் தாக்கும் வைரசும் உண்டு. ஆய்வுக்கூடக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் கரண்டி கரண்டியாக உறை ஊற்றும் பழக்கத்தை நான் இனி ஆதரிக்க மாட்டேன்.

இனி மற்றக் கேள்விகள். ‘புரதம் முன்பே செரிக்கப்பட்டது’ என்ற தயிர் விளம்பரத்தை நம்பலாமா? லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் நன்கு வளரக் கேசினில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. மிச்சம் நம் குடலின் வேலை.

தயிரால் ரத்த அழுத்தம் குறையுமா? இரண்டு பால் துணுக்குகளுக்கு அப்படிச் சொல்லப்பட்டதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்கவில்லை.

கசப்பு எதனால்? சில துணுக்குகளே கசக்கும்.

கடைத் தயிரை உறையாக்கலாமா? தோய்ந்தபின் சூடாக்காததென்றால் ஆகும்.

பூசத்துக்குத் தோய்ப்பவர்கள் புது உறை வாங்கி, முன்கூட்டியே சிறு பாத்திரத்தில் சோதித்துவிடுங்கள். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி போதும்.