விற்பனை அட்டவணையைக் கொண்டு சொற்கணக்குகளைத் தீர்த்தல்

விற்பனை அட்டவணைக் கணக்கு என்பது, ஒரு கடையின் விற்பனை விவரங்களைத் தரும் அட்டவணையிலிருந்து தேவையான எண்களை எடுத்து, சொற்களில் கேட்கப்படும் வினாவுக்கு விடை காணும் எண்கணிதக் கணக்கு ஆகும். இது சொற்கணக்கின் (வாக்கியக் கணக்கு) ஒரு வகை. சாதாரணச் சொற்கணக்கில் தேவையான எண்கள் வாக்கியத்திலேயே இருக்கும். அட்டவணைக் கணக்கில் எந்த எண் தேவை, எது தேவையில்லை என்பதைத் தீர்ப்பவரே முடிவு செய்ய வேண்டும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கு செயல்களே இதற்குப் போதும். எண்ணைத் தேர்ந்தெடுப்பதிலும், அதன் அலகை அறிவதிலும், எதை அடிப்படையாகக் கொண்டு ஒப்பிடுவது என்பதிலுமே இதன் கடினம் உள்ளது.

பின்னணி

தமிழில் சொற்கணக்கு மரபு பழமையானது. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் நிலம், பொன், நெல் போன்றவற்றை அளக்கும் முறைகளையும் அவை சார்ந்த கணக்குகளையும் செய்யுளில் தருகிறது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடமாகக் கற்பிக்கப்பட்டது. கால் (1/4), அரைக்கால் (1/8), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) போன்ற பின்னங்கள் கடைக்கணக்கிலும் நிலக்கணக்கிலும் வழங்கின. இன்று நூற்றுக்கு ஐந்து (5%) என்று சொல்லப்படுவது பழைய வழக்கில் ஒரு மா.

இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணய முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 1 ரூபாய்க்கு 16 அணா. 7 ரூபாய் 8 அணா என்பது ஏழரை ரூபாய். தசம முறையும் மெட்ரிக் எடைகளும் வந்தபின் விற்பனை அட்டவணையைக் கணக்கிடுவது எளிதாயிற்று.

எடுத்துக்காட்டு அட்டவணை

திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தாமிரபரணி சமவெளிக்கு இறங்கும் இடத்தில் உள்ளது. (தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் வேறு ஊர்.) இங்குள்ள பாபநாசநாதர் கோயிலுக்கும், மலைமேல் காரையாறு வனப்பகுதியில் உள்ள சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கும் ஆடி அமாவாசையையொட்டி மக்கள் பெருந்திரளாக வருவர். ஆற்றின் போக்கிலுள்ள ஊர்கள் சில ஒவ்வொரு பொருளுக்குப் பெயர் பெற்றவை. கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கும், காருகுறிச்சி மண்பாண்டத்துக்கும், பத்தமடை கோரைப்பாய்க்கும் பெயர் பெற்றவை. பத்தமடைப் பாய் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், 8 பேர் கொண்ட ஒரு மகளிர் சுய உதவிக் குழு இப்பொருள்களோடு கருப்பட்டியையும் வாங்கிப் பாபநாசத்தில் 4 நாள் கடை போடுவதாகவும் கொள்க. கீழுள்ள விலைகளும் அளவுகளும் கணக்குக்காக அமைக்கப்பட்டவை. சந்தை நிலவரம் அல்ல.

அட்டவணை 1: விலையும் விற்ற அளவும்

| பொருள் | அலகு | வாங்கிய விலை (ரூ.) | விற்ற விலை (ரூ.) | வியாழன் | வெள்ளி | சனி | ஞாயிறு |
|---|---|---|---|---|---|---|---|
| அப்பளம் | கட்டு | 40 | 50 | 30 | 36 | 54 | 90 |
| கோரைப்பாய் | எண்ணம் | 450 | 600 | 2 | 3 | 4 | 6 |
| மண்பானை | எண்ணம் | 90 | 120 | 8 | 10 | 12 | 20 |
| கருப்பட்டி | கிலோ | 300 | 360 | 5 | 6 | 7.5 | 11.5 |

தீர்க்கும் முறை

கணிதவியலாளர் ஜார்ஜ் போலியா 1945இல் வெளியிட்ட நூலில், எந்தக் கணக்கையும் தீர்க்க நான்கு படிகளைக் கூறினார்: கணக்கைப் புரிந்துகொள்ளுதல், வழியைத் திட்டமிடுதல், செய்து முடித்தல், திரும்பிப் பார்த்தல். அட்டவணைக் கணக்கில் முதற்படிக்கு மூன்று வினாக்கள் உதவும்.

1. விடை எந்த அலகில் வர வேண்டும்? ரூபாயா, கிலோவா, விழுக்காடா?
2. அதற்குத் தேவையான எண்கள் எந்த நிரையில், எந்த நிரலில் உள்ளன?
3. அவற்றைக் கூட்டலாமா, அதற்கு முன் பெருக்க வேண்டுமா?

வியாழன் நிரலில் உள்ள 30, 2, 8, 5 ஆகியவற்றைக் கூட்டினால் 45 வரும். ஆனால் கட்டும் பாயும் பானையும் கிலோவும் கலந்த அந்த 45க்குப் பொருள் இல்லை. ஒரே அலகில் உள்ளவற்றை மட்டுமே கூட்டலாம். நிரையில் நேரடியாகக் கூட்டலாம். நிரலில் கூட்ட வேண்டுமானால் ஒவ்வோர் அளவையும் விலையால் பெருக்கி ரூபாயாக மாற்ற வேண்டும்.

வினா 1: நான்கு நாள் மொத்த விற்பனை எவ்வளவு? இலாபம் எவ்வளவு?

ஒவ்வொரு பொருளின் மொத்த அளவை விற்ற விலையால் பெருக்கினால் விற்பனைத் தொகை கிடைக்கும். விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கினால் இலாபம் கிடைக்கும்.

அட்டவணை 2: பொருள்வாரித் தொகை

| பொருள் | மொத்த அளவு | விற்பனை (ரூ.) | இலாபம் (ரூ.) |
|---|---|---|---|
| அப்பளம் | 210 கட்டு | 10,500 | 2,100 |
| கோரைப்பாய் | 15 | 9,000 | 2,250 |
| மண்பானை | 50 | 6,000 | 1,500 |
| கருப்பட்டி | 30 கிலோ | 10,800 | 1,800 |
| மொத்தம் | – | 36,300 | 7,650 |

வினா 2: எந்தப் பொருள் முதலிடம் பெறுகிறது?

இவ்வினா முழுமையற்றது. எண்ணிக்கையில் அப்பளம் முன்னிற்கிறது. விற்பனைத் தொகையில் கருப்பட்டி முதலிடம் பெறுகிறது. இலாபத்தில், 15 மட்டுமே விற்ற கோரைப்பாய் முதலிடத்தில் உள்ளது. "அதிகம் விற்றது" என்ற சொல் வினாவில் வந்தால், அது அளவைக் குறிக்கிறதா தொகையைக் குறிக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். அடுத்த முறை எந்தப் பொருளைக் கூடுதலாக வாங்குவது என்று குழு எடுக்கும் முடிவும் இதைப் பொறுத்தே மாறும்.

வினா 3: வியாழனைவிட ஞாயிறன்று அப்பள விற்பனை எத்தனை விழுக்காடு கூடியது?

கூடிய அளவு 90 − 30 = 60 கட்டு. "வியாழனைவிட" என்பதால் வியாழக்கிழமை அளவே அடிப்படை. 60 ÷ 30 × 100 = 200%. விற்பனை மூன்று மடங்கானது என்பதால் 300% கூடியது என எழுதுவது தவறு. மூன்று மடங்கில் ஒரு மடங்கு முன்பே இருந்தது. இதே மாற்றத்தைத் திருப்பிக் கேட்டால் அடிப்படை மாறும்: ஞாயிற்றைவிட வியாழனில் விற்பனை குறைவு 60 ÷ 90 × 100 = 66.7%.

வினா 4: மொத்த இலாப விழுக்காடு என்ன?

இலாப விழுக்காடு வாங்கிய விலையின் மீது கணக்கிடப்படுகிறது. அப்பளத்துக்கு 25%, பாய்க்கும் பானைக்கும் 33⅓%, கருப்பட்டிக்கு 20%. இந்த நான்கையும் கூட்டி 4ஆல் வகுத்தால் ஏறத்தாழ 27.9% வரும். இது சரியான விடை அன்று. நான்கு பொருள்களிலும் ஒரே அளவு பணம் போடப்பட்டிருந்தால் மட்டுமே அது பொருந்தும். இங்குக் கருப்பட்டிக்கு 9,000 ரூபாயும் பானைக்கு 4,500 ரூபாயும் முதலாகச் சென்றுள்ளன. விற்ற சரக்கின் மொத்த வாங்கிய விலை 36,300 − 7,650 = 28,650 ரூபாய். எனவே இலாப விழுக்காடு 7,650 ÷ 28,650 × 100 = 26.7%. விழுக்காடுகளை நேரடியாகச் சராசரி எடுக்காமல், தொகைகளைக் கூட்டியபின் விழுக்காடு காண்பதே முறை.

வினா 5: ஒரு நாளின் சராசரி விற்பனை எவ்வளவு?

அட்டவணை 3: நாள்வாரித் தொகை

| நாள் | விற்பனை (ரூ.) | இலாபம் (ரூ.) |
|---|---|---|
| வியாழன் | 5,460 | 1,140 |
| வெள்ளி | 6,960 | 1,470 |
| சனி | 9,240 | 1,950 |
| ஞாயிறு | 14,640 | 3,090 |
| மொத்தம் | 36,300 | 7,650 |

சராசரி 36,300 ÷ 4 = 9,075 ரூபாய். கணக்கு சரியே. ஆனால் திருவிழா நாளை நீக்கினால் மற்ற மூன்று நாள்களின் சராசரி 21,660 ÷ 3 = 7,220 ரூபாய்தான். விழா இல்லாத வாரத்துக்கு 9,075ஐ நம்பிச் சரக்கு வாங்கினால் ஒரு பகுதி தேங்க வாய்ப்புண்டு. ஓர் எண் மற்றவற்றைவிட மிகப் பெரியதாக இருக்கும்போது, சராசரியுடன் அந்த எண்ணையும் தனியே குறிப்பிடுவது நல்லது.

சரிபார்த்தல்

அட்டவணை 2 நிரைவாரியாகவும், அட்டவணை 3 நிரல்வாரியாகவும் கணக்கிடப்பட்டவை. இரு வழியிலும் விற்பனை 36,300, இலாபம் 7,650 என ஒன்றே வருகிறது. இவ்வாறு குறுக்கும் நெடுக்குமாகக் கூட்டிப் பார்ப்பது கணக்கர்கள் கையாளும் வழக்கம். இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ தவறு உள்ளது என்பது உறுதி.

பொதுவான தவறுகள்

- கிலோவையும் கிராமையும் தசமத்தில் தவறாக எழுதுதல்: 7 கிலோ 500 கிராம் என்பது 7.5 கிலோ, 7 கிலோ 50 கிராம் என்பது 7.05 கிலோ.
- விற்ற விலையின் மீது இலாப விழுக்காடு காணுதல்: 40 ரூபாய்க்கு வாங்கி 50 ரூபாய்க்கு விற்ற அப்பளத்துக்கு இது 20% எனக் காட்டும், வாங்கிய விலையின் மீது அது 25%.
- மொத்தம் எழுதப்பட்ட நிரையையும் சேர்த்துக் கூட்டி, தொகையை இரட்டிப்பாக்குதல்.
- வினா கேட்காத எண்களையும் பயன்படுத்துதல்: அட்டவணையில் இருப்பதாலேயே ஓர் எண் தேவையாகிவிடாது.

அட்டவணை சொல்லாதவை

விற்பனை அட்டவணையில் விற்றவை மட்டுமே இருக்கும். மேற்கண்ட குழு 53 பானைகள் வாங்கி, அவற்றில் 3 வழியில் உடைந்ததாகக் கொண்டால், 270 ரூபாய் நட்டம். கடை வாடகை நாளுக்கு 600 வீதம் 2,400 ரூபாய், வண்டிக் கூலி 980 ரூபாய் என்றால் செலவும் நட்டமும் சேர்ந்து 3,650 ரூபாய். 7,650 − 3,650 = 4,000 ரூபாயே நிகர இலாபம். 8 பேருக்கும் பகிர்ந்தால் ஒருவருக்கு 500 ரூபாய். நாளுக்கு 125 ரூபாய். செலவைக் கழிக்காமல் 7,650ஐப் பங்கிட்டால் ஒருவருக்கு 956.25 ரூபாய் எனத் தோன்றும். கிட்டத்தட்ட இரு மடங்கு.

நாள்வாரியாகப் பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். வியாழனன்று இலாபம் 1,140 ரூபாய். வாடகை போக 540 ரூபாய். அன்று 8 பேரும் கடையில் இருந்தால் ஒருவருக்கு 67.50 ரூபாய், இருவர் மட்டும் இருந்து மற்றவர்கள் வேறு வேலைக்குச் சென்றால் இருந்தவர்களுக்கு 270 ரூபாய் வீதம் கிடைக்கும். ஞாயிறன்று வாடகை போக 2,490 ரூபாய் நிற்கிறது. கூட்டத்தைச் சமாளிக்க அன்று எல்லோரும் தேவைப்படலாம். எந்த நாளில் எத்தனை பேர் கடையில் இருப்பது என்ற முடிவுக்கு, மொத்த விற்பனையைவிட இந்த நாள்வாரிக் கணக்கே உதவுகிறது.