நாட்பட்ட தோள் நழுவலும் சொந்த மூட்டைக் காக்கும் அறுவையும்

உடலின் மூட்டுகளுள் மிகுதியாக அசைவதும் எளிதில் நழுவுவதும் தோள்மூட்டே. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தன்னைவிட மிகச் சிறிய, ஆழமற்ற குழியொன்றில், சிறு தட்டின் மேல் வைத்த எலுமிச்சம்பழம் போல அமர்ந்திருக்க, சுற்றியுள்ள தசைகளும் நார்களுமே அதை நிலைநிறுத்துகின்றன.

பெரும்பாலான நழுவல்கள் முன்பக்கமாக நிகழ்பவை. தோளின் வடிவம் மாறிவிடுவதால் அவை உடனே தெரிந்துவிடும். பின்பக்கமாக நழுவுவது தோள் நழுவியவர்கள் 100 பேரில் 2 முதல் 4 பேருக்கே நேரும். வலிப்பின்போதோ மின்சாரம் தாக்கும்போதோ கையை உட்புறம் சுழற்றும் வலிய தசைகள் ஒருசேர இறுகி எலும்பின் தலையைப் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. நேர் எதிரிலிருந்து எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் இது ஏறக்குறைய இயல்பான மூட்டாகவே தோன்றக்கூடும் என்பதால், அக்குள் வழியாக எடுக்கும் படமோ சி.டி. ஸ்கேனோ இல்லாமல் உறுதி செய்வது கடினம். எனினும், கையை முன்னே நீட்டி உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்ப முடியாமை இதன் தெளிவான அடையாளம். எந்தக் கருவியும் வேண்டாத இச்சோதனை விடுபட்டு, மூட்டு இறுகிப்போகும் 'உறைந்த தோள்' நோய் என்று கருதப்பட்டு, நோயாளி மாதக்கணக்கில் பயனற்ற பயிற்சிகளைச் செய்ய நேர்வது மிகவும் வருந்தத்தக்கது.

மூன்று வாரங்களைக் கடந்த நழுவலைப் பொதுவாக நாட்பட்டது என்பர். அதற்குள் வெறுமையான குழியில் வடுத்திசு வளர்ந்துவிடுகிறது. குழியின் விளிம்பு எலும்புத் தலையில் அழுந்திப் பள்ளம் பறிக்கிறது. அசைவற்ற எலும்பு வலுவிழக்கிறது. இந்நிலையில் கையை வலிந்து இழுத்துப் பொருத்த முயன்றால் எலும்பு முறியவும் அக்குளின் பெரிய இரத்தக்குழாய் கிழியவும் கூடும்; ஆகவே மூட்டைத் திறந்தே சரிசெய்ய வேண்டியதாகிறது.

பின்பக்க நழுவலில் ஏற்பட்ட பள்ளத்தை அப்படியே விட்டால், கை உட்புறம் திரும்பும்போதெல்லாம் அது குழியின் விளிம்பில் சிக்கித் தலை மீண்டும் நழுவும். அமெரிக்க அறுவை மருத்துவர் மெக்லாஃப்லின் 1952இல் இதற்கொரு வழி கூறினார்: தோளின் முன்புறத் தசையின் நாணை, அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான பட்டையை, பிரித்தெடுத்து அப்பள்ளத்திலேயே பதிப்பது. பின்னர் சார்லஸ் நீர் அதைத் திருத்தி, நாணை அது ஒட்டியுள்ள எலும்பு மேட்டோடு சேர்த்துப் பெயர்த்துப் பள்ளத்தில் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தார். எலும்போடு எலும்பு சேர்வதால் பிடிப்பு உறுதியாகிறது, குழிவும் நிரம்புகிறது. நோயாளியின் சொந்த உறுப்பே அவருடைய குறையை ஈடுசெய்வதுதான் இம்முறையின் சிறப்பு.

பள்ளம் தலைப்பரப்பின் கால்பங்கிலிருந்து ஏறத்தாழப் பாதிவரை இருந்தால் இவ்வழி பொருந்தும். பாதியை நெருங்கும் அளவு பெரிதாயின் வேறிடத்து எலும்பைப் பதித்து உருண்டை வடிவை மீட்பதும் உண்டு. பாதிக்கு மேல் சிதைந்தாலோ வழுவழுப்பான குருத்தெலும்பு அழிந்தாலோ செயற்கை மூட்டே பெரும்பாலும் எஞ்சும் வழி. செயற்கை மூட்டு காலப்போக்கில் தேய்ந்து தளரக்கூடியது என்பதால், இளவயதினருக்குச் சொந்த எலும்பைக் காக்கும் முயற்சி முதலில் கருதப்பட வேண்டும். எலும்புத் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குன்றி அது பின்னாளில் நலிந்துபோகும் ஆபத்து உண்டு என்பதையும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

அறுவைக்குப் பின் கையை வழக்கம்போல வயிற்றோடு அணைத்துக் கட்டாமல், சற்றே வெளிப்புறம் திருப்பிய நிலையில் சில வாரங்கள் தாங்கி வைத்து, அதன் பின்னரே படிப்படியாக அசைவுப் பயிற்சி தொடங்கப்படுகிறது. வலிப்பு உள்ளவருக்கு அதற்கான மருந்தையும் அப்போதே ஒழுங்குபடுத்துவர். ஏனெனில் மற்றொரு வலிப்பு, பொருத்திய எலும்பைப் பெயர்த்துவிடக்கூடும்.