முதிராத பெற்றோரும் முதிர்ந்த பிள்ளைகளும்

பெற்ற தாய் தந்தையரைப் பற்றிக் குறை கூறுதல் தமிழர்க்கு எளிதன்று. அவர்களைத் தெய்வமாகப் போற்றும் மரபிலே வந்தவர்கள் நாம். ஆதலின், பிள்ளைப் பருவத்தில் உள்ளத்திலே பட்ட காயத்தை நாற்பது வயதாகியும் வாய் திறந்து சொல்லாதார் பலர். “சோறு போட்டார்கள், துணி எடுத்துத் தந்தார்கள், படிக்க வைத்தார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும்?” என்று தம்மைத் தாமே அடக்கிக் கொள்கின்றனர். அந்த வினாவிற்கு விடை உண்டு.

அகவையால் முதிர்ந்தும் உள்ளத்தால் முதிராத பெற்றோர் எந்நாட்டிலும் உளர். அமெரிக்க உளநூலறிஞராகிய லிண்ட்சே கிப்சன் அம்மையார், 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அவர்களை நால்வகையினராகப் பிரித்துக் காட்டினார். தம் உணர்ச்சி வேகத்தால் வீட்டையே ஆட்டி வைப்போர் ஒரு சாரார். எந்நேரமும் எதையேனும் சாதிக்கத் துடித்துப் பிள்ளையையும் விரட்டுவோர் மற்றொரு சாரார். தொல்லை வரும்போது கண்டும் காணாதவர் போல் ஒதுங்கிக் கொள்வோர் மூன்றாமவர். பிள்ளை நெருங்கி வருவதையே விரும்பாதோர் நான்காமவர். இவர்கள் எல்லாரும் கொடியவர் அல்லர். பிள்ளையின் உள்ளத்தில் நிகழ்வதைக் காணும் கண் அவர்கட்கு வாய்க்கவில்லை, அவ்வளவே.

அத்தகைய வீட்டில் பிள்ளையே பெற்றோராகிவிடுகிறது. தந்தையின் செருப்பொலியைக் கேட்டே அன்றைய கோபத்தின் அளவை அறிந்துகொள்கிறது. அழும் தாயைத் தேற்றுகிறது. “வயதுக்கு மீறிய பொறுப்பு” என்று பாராட்டும் பெறுகிறது. அப்பிள்ளை வளர்ந்தபின் அலுவலகத்தில் எல்லார் சுமையையும் தாங்குகிறது. ஆயின், தனக்கு வேண்டியதை ஒருவரிடமும் கேட்க அறியாது தவிக்கிறது. ஊரிலிருந்து தொலைபேசி ஒலித்தால் அதன் வயிறு கலங்குகிறது.

குடிபெயர்ந்த நம் மக்களின் வரலாற்றையும் இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருநெல்வேலிச் சீமையினர் தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் இறங்கினர். பின்வந்தோர் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பரவினர். 1970இல் சிட்கோ நிறுவப்பெற்று நவி மும்பை எழுந்தபின் கழிமுகத்தைக் கடந்து ஐரோலி வரை வந்தனர். முன்னோர் வாழ்ந்தது பெரும்பாலும் ஒற்றை அறைக் குடித்தனம். 1966இல் சிவசேனை தோன்றியபின் தென்னிந்தியர்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சியையும், 1992–93 கலவரங்களையும் அவர்கள் கண்டனர். பிழைத்திருப்பதே பெரும்பாடான நாளில், பிள்ளையின் அழுகை அவர்கட்கு ஆடம்பரமாகத் தோன்றியிருக்கக் கூடும். இக்காரணத்தை அறிந்தால் கசப்புக் குறையும். ஆயினும், காரணத்தை அறிதல் வேறு. காயமே இல்லை எனச் சாதித்தல் வேறு.

பிராகு நகரத்து எழுத்தாளர் பிரான்ஸ் காப்கா, 1919ஆம் ஆண்டு நவம்பரில், தம் 36ஆம் அகவையில், தந்தைக்கு நெடியதொரு கடிதம் எழுதினார். சிறு பிள்ளையாயிருந்தபோது ஓர் இரவில் தண்ணீர் கேட்டு அழுததற்காகத் தந்தை தம்மைத் தூக்கிச் சென்று வெளிமாடத்தில் நிறுத்திக் கதவை அடைத்ததை அதில் அவர் நினைவுகூர்ந்தார். தந்தைக்கு அது மறந்துபோன அற்பச் செய்தியாயிருக்கலாம். மகனுக்கோ அது பல்லாண்டு ஆறாத புண். அக்கடிதம் தந்தையின் கையைச் சேரவே இல்லை. 1924இல், தந்தைக்கு முன்பே மகன் மறைந்தார்.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. “அவர்கள் தம் தவற்றை உணர்ந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மனம் ஆறிவிடும்” என்று காத்திருக்கும் வரையில், நம் நலத்தின் திறவுகோல் பிறர் மடியிலேயே கிடக்கிறது. பெற்றோரைத் திருத்துவது நம்மால் ஆகும் பணியன்று. நம் கதையை நாமே தெளிவாக உணர்வதுதான் நம்மால் ஆவது.

இஃது ஆறுதலுக்காகச் சொல்லும் வெறுஞ்சொல் அன்று. 1980களில் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தின் மேரி மெயின் அம்மையாரும் அவர் குழுவினரும் பெற்றோர் பலரிடம் அவர்தம் பிள்ளைப் பருவம் குறித்து விரிவாக வினவினர். இன்பமான இளமை பெற்றோரின் குழந்தைகளே தாயிடம் அச்சமின்றி ஒட்டி வளர்வர் என்று எதிர்பார்ப்போம். ஆயின், துன்ப இளமையை மறைக்காமலும் அதிலேயே அமிழ்ந்துவிடாமலும் கோவையாக எடுத்துரைக்க வல்லவர்களின் குழந்தைகளும் அவ்வாறே வளர்ந்தமை கண்டனர். சங்கிலியை அறுப்பது நல்லிளமை மட்டுமன்று; தன் இளமையை நேர்நின்று நோக்கும் தெளிவும் ஆகும்.

அத்தெளிவுக்கு எழுதுதல் ஒரு வழி. தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், நிகழ்ந்ததையும் அப்போது உள்ளம் பட்டதையும் எழுதுக. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் மாணவர்களைக் கொண்டு இம்முறையைச் சோதித்தார். அவ்வாறு எழுதியோர் பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்திருந்தது. பிற்கால ஆய்வுகளில் பயன் சிறிதாகவே காணப்பட்டது. ஆயினும் செலவில்லாத மருந்து. எழுதியதை யாருக்கும் அனுப்ப வேண்டுவதில்லை.

அடுத்தது, எல்லை வகுத்தல். வேலை நேரத்தில் நான்கு முறை அழைத்துப் புலம்பும் தாயிடம், “அம்மா, இரவு எட்டு மணிக்கு நானே கூப்பிடுகிறேன்” என்று சொல்லி, அவ்வாறே தவறாது அழைத்தல் வேண்டும். பேச்சு ஏச்சாக மாறினால், “நாளைக்குப் பேசுவோம், அம்மா” என்று குரல் உயர்த்தாமல் முடித்துக் கொள்ளலாம். முதலில் தாய் சினப்பார்; உறவினர் பழிப்பர்; நம் நெஞ்சும் நம்மைக் குற்றவாளி என்னும். அது பழைய பழக்கத்தின் குரல். பாவத்தின் அடையாளம் அன்று.

இது பெற்றோரைக் கைவிடுதல் ஆகாதோ என்பர் சிலர். ஆகாது. பெற்றோரைப் பேணும் கடமையை 2007ஆம் ஆண்டுச் சட்டமும் வலியுறுத்துகிறது. உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகியவற்றை அது பராமரிப்பு என்கிறது. கடமை வேறு, அடிமைத்தனம் வேறு. எல்லை வகுத்துக் கொண்டவரே சலிப்பின்றிக் கடமை செய்ய வல்லவராவர்.

சுமை தனியே தாங்க முடியாததாயின், அரசினர் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவியை 14416 என்னும் எண்ணில் இலவசமாக நாடலாம், தமிழிலும் பேசலாம். உடல் நோய்க்கு மருத்துவரிடம் செல்ல நாணாத நாம், உள்ள நோய்க்கு மட்டும் நாணுவானேன்?

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் குறையற்ற பெற்றோர் வேண்டுவதில்லை. சினத்தில் கத்திய தந்தை, சற்றுப் பொறுத்துப் பிள்ளையருகே அமர்ந்து, “அப்பா கத்தியது தப்பு, பயந்துவிட்டாயா?” என்று கேட்டால் போதும். தமக்கு ஒருநாளும் கிட்டாத அச்சொல்லைத் தம் பிள்ளைக்கு வழங்குவோரே பழைய புண்ணையும் ஆற்றிக்கொள்வர். ஒரு தலைமுறையையும் காப்பர்.