பூனைக்கு ஒரு பெயர்

பூனைக்குப் பெயரிடுவதும் ஓர் ஆராய்ச்சிப் பொருளாகுமோ என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். சென்ற கோடை விடுமுறை வரையில் நானும் அவ்வாறு நகைத்தவனே. விடுமுறைக்கு மாட்டுப்பட்டிக்குச் சென்றபோது, எங்கள் லயத்து வீட்டில் வளரும் ஒரே பூனைக்கு நான்கு பெயர்கள் வழங்கக் கண்டேன். நான் சூட்டிய பெயர் 'கயல்விழி'. அம்மா அழைப்பது 'பூசி'. அடுத்த வீட்டு மலையாளப் பிள்ளைகளுக்கு அது 'சக்கி'. அப்பாவோ 'ஏய்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இது வெறும் வேடிக்கையாகவே கழிந்திருக்கும். ஆனால், வரும் ஆண்டில் அம்மா கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெற்றோர் லயத்து வீட்டை விட்டுவிட வேண்டும். ஆச்சி பிறந்த திருநெல்வேலிச் சீமைக்கே நாங்கள் திரும்பவிருக்கிறோம். பாத்திரமும் பெட்டியும் லாரியில் ஏறிவிடும். பூனை? முன்பின் அறியாத தெருவில் அது வெருண்டு ஓடினால், எந்தப் பெயரைச் சொல்லி அழைப்பது? இவ்வினாவே என்னை இந்த ஆராய்ச்சியில் இறக்கியது.

முதலில் தமிழைப் பார்ப்போம். நம் முன்னோர் காட்டுப் பூனையை 'வெருகு' என்றனர். தொல்காப்பிய மரபியல் அதன் இளமைப் பெயர் 'குட்டி' என வகுத்துச் சொல்கிறது. 'பூசை' என்பதும் பழம்பெயரே. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைத் தம் அவையடக்கத்தில் கம்பர் 'பூசை' என்றே குறித்தார். மலையாளத்தார் இன்றும் கூறும் 'பூச்ச' இதற்கு உறவான சொல். ஆகவே, அம்மாவின் 'பூசி' கல்லாதார் வாய்ச்சொல் அன்று. கம்பர் வாயில் பயின்ற சொல்லின் செல்லப் பெயர் என்று கொள்ளலாம்!

பூனையைப் பூனை என்றே அழைப்பது பெயராகுமா என்று கேட்கலாம். எகிப்தில் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இளவரசன் துத்மோசு, தன் பூனைக்குச் சுண்ணாம்புக் கல்லில் ஈமப்பேழை செய்வித்தான். அதில் பொறித்துள்ள பெயர் 'தா-மியு'. அதற்குப் பொருள் 'பெண்பூனை' என்பதே. அரசன் மகனுக்குப் போதுமானதாயிருந்தது நமக்குப் போதாதா?

இலக்கணம் பயின்ற நண்பர்கள் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்னும் பாகுபாட்டை அறிவார்கள். கறுப்பன், வெள்ளைச்சி, கயல்விழி என நாம் இடுவன எல்லாம் காரணப்பெயர்கள். நிறமும் கண்ணும் நமக்குக் காரணங்கள். பூனைக்கோ அவை அனைத்தும் இடுகுறியே. ஓர் ஒலி, அதைத் தொடர்ந்து வரும் சோறு அல்லது தடவல்: இவ்விரண்டின் பிணைப்பே அதற்குப் பெயர். எனவே நல்ல பெயர் எது என்பதை அகராதியில் தேடிப் பயனில்லை. அதைப் பூனையின் செவியில்தான் தேட வேண்டும்.

அச்செவி மிகக் கூரியது. நம் காது விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையில் கேட்கும். பூனையின் காது 85,000 வரையில் கேட்கும். நம் பேச்சொலிகள் யாவும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. ஆதலின், கேட்கும் எழுத்து, கேளாத எழுத்து என்று பொறுக்கிப் பெயர் வைக்கத் தேவையில்லை.

பூனை தன் பெயரை உண்மையில் அறியுமா? சப்பானிய ஆராய்ச்சியாளர் அத்சுகோ சைத்தோவும் அவர்தம் குழுவினரும் 2019இல் இதற்கு விடை கண்டனர். ஒரே நீளமுள்ள நான்கு சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூனைக்குக் கேட்கச் செய்தனர். பழகப் பழகப் பூனை பொருட்படுத்துவது குறைந்தது. ஐந்தாவதாகப் பெயர் ஒலித்ததும் காதும் தலையும் மீண்டும் அசைந்தன. அறியாதவர் குரலில் சொன்னபோதும் வீட்டுப் பூனைகள் வேறுபாட்டை உணர்ந்தன. ஆனால், பல பூனைகளை வைத்து விருந்தினரை மகிழ்விக்கும் சிற்றுண்டிக் கடையில் வாழ்ந்தவை, தம் பெயரையும் உடன்வாழும் பூனைகளின் பெயரையும் பிரித்தறியவில்லை. அங்கே வருவோர் பலர், அழைப்பும் பல. எந்தப் பெயரைச் சொன்னாலும் கிடைப்பது ஒன்றே என்றால், தன் பெயரைத் தனியே அறிந்து பூனைக்கு ஆவதென்ன?

நானும் வீட்டில் சோதித்தேன். அம்மா ஒரே குரலில், இடைவெளி விட்டு, 'ஊசி, பாசி, காசு, தோசை' என்றார். தோசைக்குக்கூட அசையாத காது, 'பூசி' என்றதும் திரும்பியது. மற்றொரு நாள், நீண்ட சொற்கள் நான்கிற்குப் பின் 'கயல்விழி' என்றேன். பூனை கண்ணை மூடிக்கொண்டது. ஒரு பூனையைக் கொண்டு செய்த சோதனை அறிவியல் ஆகாது என்பதை நான் அறிவேன். எனினும் என் தோல்வியை ஒப்புக்கொள்ள அது போதுமானதாயிருந்தது.

"நீ வைச்சது எழுதுற பேரு, தம்பி. நான் வைச்சது கூப்பிடுற பேரு" என்றார் அம்மா. தோட்டத்தில் இவ்விரு வகையும் உண்டு. ஆச்சியின் பெயரைச் செக்ரோலில் யாரோ பிழையாக எழுதிவிட்டனர். முப்பது ஆண்டுகளாகச் சம்பள நாளில் ஆச்சி அந்தப் பெயருக்கே கை நீட்டினார். வீட்டில் எவரும் அப்பெயரைச் சொன்னதில்லை.

ஆகவே, பூனை வளர்க்கும் நண்பர்களுக்குச் சில கூறுவேன். பெயர் சுருக்கமாக இருக்கட்டும். வீட்டிலுள்ளோர் பெயரோடு மயங்காதிருக்கட்டும். அனைவரும் ஒன்றையே சொல்லுங்கள். சோறிடும்போது சொல்லுங்கள், அடிக்கவோ குளிப்பாட்டவோ பிடிக்கையில் சொல்லாதீர்கள். பெயரை அறிந்த பூனை அழைத்தவுடன் வந்தே தீரும் என்றும் எண்ணிவிடாதீர்கள். அறிவது வேறு, வருவது வேறு. ஆதலால் புதிய வீட்டில் முதற்சில வாரங்கள் பூனையை உள்ளேயே வைத்து, பெயர் சொல்லிச் சோறிடுவதே அறிவுடைமை.

எங்கள் வீட்டில் இப்பொழுது எல்லோரும் 'பூசி' என்றே அழைக்கிறோம். அப்பாவும் 'ஏய்' என்பதை விட்டுவிட்டார். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இன்னும் 'சக்கி' என்கிறார்கள். அவர்களைத் திருத்த எங்களுக்கு மனம் வரவில்லை. அடுத்த ஆண்டு அந்தக் குரல்கள் அதன் காதில் விழப்போவதில்லையே!