நீல எண், கறுப்பு எண்

எக்செல் தாளில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். இரண்டிலும் 2,10,000 என்று இருக்கிறது. எழுத்தின் வடிவம், அளவு எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஒன்று யாரோ கையால் தட்டிய எண். மற்றொன்று, கல்யாணப் பந்திக்கு 600 இலை, இலைக்கு 350 ரூபாய் என்று வேறு இரண்டு கட்டங்களில் இருப்பதைப் பெருக்கி வந்த விடை. இலைகளை 750 ஆக்கிப் பாருங்கள். ஃபார்முலா உள்ள கட்டம் கண்ணிமைக்கும் நேரத்தில் 2,62,500 என்று மாறிவிடும். கையால் தட்டிய எண் அப்படியே நிற்கும். அதை நம்பிக் கல்யாணத்தை நடத்தினால், பந்தி முடிந்து சமையல்காரருக்குப் பணம் எண்ணும்போதுதான் 52,500 ரூபாய் துண்டு விழுந்தது தெரியும்.

இந்த இரட்டைத் தன்மை விரிதாளின் பிறப்பிலேயே இருக்கிறது. 1978-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், வகுப்பில் கரும்பலகை நிறையக் கணக்குப் போடுவதைப் பார்த்தார். ஒரு எண்ணை மாற்ற வேண்டி வந்தால், அதைச் சார்ந்த எண்களை எல்லாம் வரிசையாக அழித்துத் திரும்ப எழுத வேண்டும். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமாக மாறும் பலகை ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டனுடன் சேர்ந்து அதை உருவாக்கினார். 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு ‘விசிகால்க்’ வந்தது. 254 வரிசை, 63 பத்தி கொண்ட தாள். ஒவ்வொரு கட்டமும் விடையை வெளியே காட்டி, அந்த விடைக்கான விதியை உள்ளே வைத்துக்கொண்டது. கர்சர் நிற்கும் கட்டத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் திரையின் மேல்வரியில் பார்க்கலாம். இன்றைய எக்செல்லின் ஃபார்முலா பார் செய்வதும் இதே வேலைதான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கட்டம் மட்டுமே தன் உள்ளத்தைக் காட்டும். மற்றவை எல்லாம் வெறும் எண்களாகவே தெரியும்.

உள்ளே நடப்பதைப் பாசனக் கால்வாயோடு ஒப்பிடலாம். எந்தக் கட்டம் எந்தக் கட்டத்திலிருந்து நீர் வாங்குகிறது என்ற வரைபடத்தை எக்செல் நினைவில் வைத்திருக்கிறது. தலைமடையில் ஒரு எண் மாறினால், அதிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் வழியாக மாற்றம் கடைமடை வரை ஓடுகிறது. ஃபார்முலா இருந்த கட்டத்தில் யாராவது ஒரு எண்ணைத் தட்டிவிட்டால், அந்த இடத்தில் வாய்க்கால் அடைபட்டுப் போகிறது. அதற்குக் கீழே உள்ள கட்டங்கள் எல்லாம் பழைய தண்ணீரிலேயே நிற்கும். பெரும்பாலும் இதை நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ‘இப்போதைக்குச் சரியாக இருக்கட்டும்’ என்று அவசரத்தில் ஒருவர் எண்ணைப் போடுகிறார். பிறகு அவரே மறந்துவிடுகிறார்.

நிதித் துறையில் கணக்கு மாதிரிகள் தயாரிப்பவர்கள் இதற்காக ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறார்கள். கையால் இட்ட எண் நீலம். ஃபார்முலா தரும் எண் கறுப்பு. வேறொரு தாளிலிருந்து வரும் எண் பச்சை. தாளைத் திறந்ததும், எங்கே மனிதர் முடிவெடுத்தார், எங்கே கணக்கு முடிவெடுத்தது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் கையால் பூசும் நிறத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. நிறம் கட்டத்தோடு ஒட்டியிருக்கிறது; கட்டத்துக்குள் இருப்பதோடு ஒட்டியிருக்கவில்லை. கறுப்பு நிறக் கட்டத்தில் ஃபார்முலாவை அழித்து எண்ணைத் தட்டினால், அந்த எண்ணும் கறுப்பாகவே தெரியும். அப்போது நிறமே பொய் சொல்கிறது.

நிறத்தைத் தானாக மாறச் செய்வதே இதற்கு மருந்து. எக்செல் 2013-இல் ‘இஸ்ஃபார்முலா’ என்ற செயற்கூறு வந்தது. ஒரு கட்டத்துக்குள் ஃபார்முலா இருந்தால் ‘ட்ரூ’, இல்லையென்றால் ‘ஃபால்ஸ்’ என்று அது சொல்லும். எண்கள் உள்ள பகுதி முழுவதையும் தேர்ந்தெடுத்து முதலில் நீலமாக்குங்கள். பிறகு கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் புதிய விதியாக இஸ்ஃபார்முலாவை எழுதி, அடைப்புக்குள் தேர்ந்தெடுத்த பகுதியின் முதல் கட்டத்தை டாலர் குறி இல்லாமல் கொடுத்து, எழுத்துக்குக் கறுப்பு நிறம் கொடுங்கள். இப்போது ஏதாவது ஒரு கறுப்பு எண்ணின் மேல் புதிய எண்ணைத் தட்டி என்டர் அழுத்துங்கள். அந்தக் கணமே அது நீலமாகும். கறுப்பு வரிசையின் நடுவே ஒற்றை நீலம் நிற்பது, வயலில் மடை உடைந்த இடம் போலத் தூரத்திலிருந்தே தெரியும். லிப்ரே ஆபீஸ் கால்க்கில் இவ்வளவு வேலையும் வேண்டாம்: கன்ட்ரோல் விசையோடு எஃப்8 அழுத்தினால் எண்கள் நீலமாகவும் ஃபார்முலாக்கள் பச்சையாகவும் மாறும்.

நிறத்தின் கண்ணுக்குத் தப்புகிறவையும் உண்டு. ஒரு விலையை 1.18-ஆல் பெருக்கும் ஃபார்முலாவுக்குள் 18 சதவீத வரி ஒளிந்திருக்கிறது. அந்த 1.18 கையால் தட்டியதுதான். ஆனாலும் கட்டம் கறுப்பாகவே இருக்கும். வரி விகிதத்துக்குத் தனிக் கட்டம் கொடுத்து நீலத்தில் வைப்பதே நேர்மையான வழி.

ஃபார்முலாவே தவறாக இருந்தாலும் நிறம் காட்டிக்கொடுக்காது. பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010-இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் அதன் விடைகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. கட்டுரை ஆசிரியர்களிடமே விரிதாளைக் கேட்டு வாங்கித் திறந்தார். சராசரி எடுக்கும் ஃபார்முலா 30-ஆம் வரிசையில் தொடங்கி 49 வரை போகாமல் 44-இலேயே நின்றுவிட்டிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. 2013-இல் இது வெளியானபோது, மற்ற வாதங்களை மறுத்த ஆசிரியர்கள் இந்தப் பிழையை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். கட்டுரையைப் படித்தவர்கள் பார்த்தது அச்சான எண்ணை. ஹெர்ன்டன் பார்த்தது அதற்குள் இருந்த விதியை.

எல்லோருக்கும் அவ்வளவு பொறுமை இருக்காது. அதனால்தான், தாளை அடுத்தவர் கையில் கொடுக்கும் முன் அதற்கு நிறம் கொடுப்பது கடமையாகிறது. நீல எண்ணைப் பார்ப்பவர் ‘இதை யார் போட்டது, ஏன்?’ என்று கேட்பார். கறுப்பு எண்ணைப் பார்ப்பவர் ‘இது எப்படி வந்தது?’ என்று கேட்பார். எந்த எண்ணிடம் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், பந்தி தொடங்கும் முன்பே அந்த 52,500 ரூபாய் கண்ணில் பட்டுவிடும்.